பானையை அடுப்பில் வைப்பது யார்?

கேள்வி: நான் மார்த்தாண்டத்துக்காரி. முதியோர் பராமரிப்பு வேலைக்காக இஸ்ரேலுக்கு வந்து மூன்று ஆண்டுகள் ஆகின்றன. முதலில் பினே பிராக்கில் ஒரு வீடு. அங்கிருந்த ஐயா இறந்த பிறகு, ஆறு மாதமாக ரமத் கானில் 86 வயதுப் பாட்டி ஒருவரைப் பார்த்துக்கொள்கிறேன். சிறுமியாக ஈராக்கிலிருந்து வந்தவர். இரண்டுமே மதக் கட்டுப்பாடு மிகுந்த வீடுகள். முந்தைய வீட்டில் அம்மா அடுப்பை மட்டும் பற்றவைப்பார், மீதிச் சமையல் முழுவதும் என்னுடையது. இங்கே பாட்டி பானையையே தன் கையால் அடுப்பில் ஏற்ற வேண்டும் என்கிறார். கை நடுங்குகிறது, எனக்குப் பயமாக இருக்கிறது. நான் வைத்தால் தீட்டா? என் பாட்டி ஊரில் பட்ட அவமானங்களைக் கேட்டு வளர்ந்தவள் நான். ஒயின் பாட்டிலை எடுத்து ஊற்றினேன், அதை ஓரமாக ஒதுக்கிவிட்டார்கள். வெள்ளிக்கிழமை இரவு மகள் வந்து “அறை குளிராக இருக்கிறதே” என்று சொல்லிவிட்டுச் சும்மா நிற்கிறார், ஹீட்டரைப் போடு என்று சொல்வதில்லை. இவை எல்லாவற்றுக்கும் மேலாக, மூன்று வாரத்துக்கு முன் ஒரு தவறு செய்துவிட்டேன். காலையில் பால் கஞ்சி கிளறிய கரண்டியாலேயே மதியம் கொதிக்கும் கோழி சூப்பைக் கிளறிவிட்டேன். யாரும் பார்க்கவில்லை. கழுவி வைத்துவிட்டேன். எல்லோரும் சூப்பைக் குடித்தார்கள். சொல்லவா, விட்டுவிடவா? சொன்னால் வேலை போய்விடுமா?

பதில்:

அன்புத் தங்கைக்கு,

நான் ரப்பி, அதாவது யூத மதகுரு, இல்லை. எருசலேமில் பதினொரு ஆண்டுகள் வீட்டு நர்ஸாக இருந்தவள். இப்போது அங்கே போகிறவர்களுக்குப் பயிற்சி கொடுக்கிறேன். சட்டத்தின் முடிவை அந்த வீட்டார் கேட்கும் ரப்பிதான் சொல்ல வேண்டும். அந்தச் சமையலறையில் என்ன நடக்கிறது, ஏன் நடக்கிறது என்பதை என்னால் சொல்ல முடியும்.

பானையிலிருந்து தொடங்குகிறேன், உங்கள் கடிதத்தில் அழுகை தெரிந்த இடம் அதுதான். “தீட்டா?” என்று கேட்டிருக்கிறீர்கள். தீட்டு இல்லை. நீங்கள் தொட்ட ஆப்பிளைப் பாட்டி சாப்பிடுகிறார். நீங்கள் நறுக்கிய சாலட்டைச் சாப்பிடுகிறார், நீங்கள் போட்ட தேநீரைக் குடிக்கிறார். அவரைக் குளிப்பாட்டுவதும் தலைவாருவதும் உங்கள் கைதான். தொடுவதால் கெடும் என்றால் இவை எதுவும் நடக்காது. யூதச் சட்டம் பார்ப்பது வேறொன்றை: பச்சையாகத் தின்ன முடியாத, விருந்தில் வைக்கத் தகுந்த ஓர் உணவு சமைந்தபோது அதில் யூதர் ஒருவரின் செயல் இருந்ததா? இதற்கு “பிஷுல் இஸ்ரேல்” என்று பெயர்.

ஏன் இப்படி ஒரு விதி? மழுப்பாமல் சொல்கிறேன், உங்களுக்கும் உண்மை தெரிய வேண்டும். பிற சமூகத்தாரோடு ஒரே பந்தியில் உட்கார்ந்து பழகினால் கலப்புத் திருமணம் வரும் என்று பழங்கால அறிஞர்கள் அஞ்சினார்கள். தெரியாமல் விலக்கப்பட்ட பொருள் உணவில் கலந்துவிடலாம் என்பது இன்னொரு காரணம். நாடு நாடாகச் சிதறி, எங்கும் சிறுபான்மையாக வாழ்ந்த ஒரு கூட்டம் தன்னைக் காத்துக்கொள்ளப் போட்ட வேலி இது. வேலிக்கு வெளியே நிற்பவருக்கு அது குத்தத்தான் செய்யும். எனக்கும் முதல் ஆண்டில் குத்தியது. ஆனால் ஒரு மனிதரைக் கீழானவர் என்று முத்திரை குத்தி, கிணற்றிலும் தெருவிலும் விலக்கிவைத்த நம் ஊர்க் கொடுமையோடு இதைச் சேர்த்து எண்ணாதீர்கள். உங்கள் பாட்டி பட்டது வேறு.

இனி, இரண்டு வீட்டுக்கும் ஏன் வித்தியாசம் என்பதைப் பார்ப்போம். 16ஆம் நூற்றாண்டில் சஃபேத் நகரில் வாழ்ந்த யோசேப் காரோ தொகுத்த சட்ட நூலைத்தான் இன்றும் மரபு யூதர்களில் பெரும்பாலோர் அடிப்படையாகக் கொள்கிறார்கள். அது 1565இல் வெனிஸில் அச்சானது. ஸ்பெயினிலிருந்து வெளியேறியவர்களின் வழிவந்தவர்களும், பாக்தாத் போன்ற கிழக்கத்திய ஊர்க்காரர்களும் பெரும்பாலும் காரோ சொன்னபடியே நடப்பார்கள். போலந்தின் கிராக்கோவ் நகரில் இருந்த மோசே இசெர்லஸ் அதே நூலுக்கு ஐரோப்பிய யூதர்களின் வழக்கத்தைக் குறிப்பாக எழுதிச் சேர்த்தார். இசெர்லஸ் வழியில் யூதர் நெருப்பைப் பற்றவைத்தாலே போதும். காரோ வழியில் அது போதாது, சமைக்கும் செயலிலேயே யூதரின் கை இருக்க வேண்டும். பினே பிராக் அம்மா இசெர்லஸ் வழி, உங்கள் ஈராக் பாட்டி காரோ வழி. பாட்டிக்கு உங்கள் மேல் நம்பிக்கை குறைவு என்று நீங்கள் நினைத்திருக்கலாம். அந்த அம்மா உங்களை அதிகமாக நம்பவும் இல்லை, இந்தப் பாட்டி குறைவாக நம்பவும் இல்லை. அவரவர் தாய் செய்ததை அவரவர் செய்கிறார்கள், அவ்வளவுதான்.

நடுங்கும் கைக்கு ஒரு வழி உண்டு. அடுப்பு அணைந்திருக்கும்போதே, அரிசியும் கோழியும் நீரும் நிறைந்த பானையை நீங்கள் தூக்கி அடுப்பில் வைத்துவிடுங்கள். பிறகு பாட்டியை நாற்காலியோடு அருகே அழைத்துவந்து, குமிழைத் திருகி நெருப்பை மூட்டச் சொல்லுங்கள். பானை ஏற்கெனவே மேலே இருக்கும்போது மூட்டப்படும் நெருப்பு சமைக்கும் செயலாகவே கருதப்படும், காரோ வழிக்காரர்களுக்கும் இது ஏற்புடையதுதான் என்று பல ரப்பிகள் சொல்கிறார்கள். மகளிடம் சொல்லி அவர்கள் ரப்பியிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளச் சொல்லுங்கள். சுடுநீர்ப் பானை கவிழ்ந்து பாட்டியின் கால் வெந்துவிடுமோ என்ற பயத்தைச் சேர்த்தே சொல்லுங்கள். பராமரிப்பவராக அதைச் சொல்லும் கடமை உங்களுக்கு உண்டு. ஒருமுறை அடுப்பில் ஏறிவிட்டால் நீங்கள் கிளறலாம், உப்புப் போடலாம், தீயைக் குறைக்கலாம்.

அப்புறம் ஒன்று. சந்தேகத்துக்குரிய ஓர் உணவில் விலக்கப்பட்ட பொருளின் சுவை இறங்கியிருக்கிறதா என்று அறிய, யூதரல்லாத ஒருவரைச் சுவைத்துப் பார்க்கச் சொல்லலாம் என்று காரோவின் சட்டம் சொல்கிறது. தம் வார்த்தையை நம்பித்தான் முடிவு எடுக்கப்போகிறார்கள் என்பது அவருக்குத் தெரியாமல் இருக்க வேண்டும், அதுதான் நிபந்தனை. இசெர்லஸ் வழியினர் இன்று அப்படிச் செய்வதில்லை, அளவு பார்த்தே முடிவு சொல்வார்கள். ஆனால் சட்டத்தின் ஏட்டில் உங்களைப் போன்ற சமையல்காரியின் நாக்குக்கு ஓர் இடம் இருக்கிறது. எனக்கு இதைச் சொல்லித்தந்தவர் நான் பார்த்துக்கொண்ட முதியவர், ஓய்வு பெற்ற ஆசிரியர். அன்றிலிருந்து அந்தச் சமையலறையில் என் நிற்கும் தோரணையே மாறிவிட்டது.

அந்த முதியவரைப் பற்றிப் பேசும்போதே கரண்டிக்கு வருகிறேன். அந்த வீடுகளில் பாலும் இறைச்சியும் சேரக் கூடாது, அவற்றுக்கான பாத்திரங்களும் தனித்தனி.

சொல்லிவிடுங்கள், இன்றைக்கே. மூன்று வாரம் ஆகிவிட்டதே என்று பார்க்காதீர்கள்.

நான் வேலைக்குச் சேர்ந்த இரண்டாம் மாதம், பால் பக்கத்துப் பஞ்சால் இறைச்சி வறுத்த சட்டியைத் தேய்த்துவிட்டேன். இரவெல்லாம் தூக்கமில்லை. காலையில் தட்டுத்தடுமாறிச் சொன்னேன். முதியவர் கோபப்படவில்லை. சட்டைக் கையை மடித்துக்கொண்டு சமையலறைக்கு வந்தார். “நேற்று எவ்வளவு சூடாகத் தண்ணீர் வந்ததோ, அதே அளவுக்குக் குழாயைத் திற” என்றார். திறந்தேன். மூன்று விரல்களை நீரில் நீட்டிக்கொண்டு கண்ணை மூடியபடி நின்றார், இசை கேட்பவரைப் போல. கையைச் சட்டென்று இழுத்துக்கொள்ளும் அளவு சூடு இருந்தால்தான் சுவை ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு ஏறும் என்பது அவர்கள் கணக்கு. அவர் விரல் தாங்கியது. ரப்பிக்குத் தொலைபேசியில் சொன்னார். மூன்று நிமிடப் பேச்சு. “ஒன்றும் ஆகவில்லை, பஞ்சை மட்டும் மாற்றிவிடு” என்று என்னிடம் திரும்பினார். நான் ஓர் இரவு முழுவதும் சுமந்தது மூன்று நிமிடத்தில் இறங்கியது.

உங்கள் விஷயம் அதைவிடச் சற்றுக் கனமானது, ஏனென்றால் சூப் கொதித்துக்கொண்டிருந்தது. ஆட்டுக்குட்டியை அதன் தாயின் பாலில் சமைக்காதே என்று யாத்திராகமத்தில் இரு இடத்திலும் உபாகமத்தில் ஓரிடத்திலும் வருவது உங்களுக்குத் தெரியும். மூன்று முறை சொல்லப்பட்டதால், சேர்த்துச் சமைக்காதே, உண்ணாதே, அதனால் எந்தப் பயனும் அடையாதே என்று மூன்று தடைகளாகக் கொண்டார்கள். கோழிக்குப் பால் தரும் தாய் இல்லைதான். ஆனாலும் அறிஞர்கள் அதையும் இறைச்சியோடு சேர்த்துவிட்டார்கள்.

ரப்பி மகளிடம் கேட்கப்போகும் கேள்விகளை இப்போதே சொல்லிவிடுகிறேன், நினைவுபடுத்தி எழுதி வையுங்கள். எந்தக் கரண்டி, உலோகமா, மரமா, பிளாஸ்டிக்கா? சூட்டோடு பாலில் அது கடைசியாக எப்போது இருந்தது? 24 மணி நேரம் கடந்திருந்தால் கரண்டிக்குள் இறங்கிய சுவை கெட்டுப்போனதாகக் கொள்வார்கள். உங்களுடையது அன்று காலையே பாலில் இருந்தது, எனவே அந்தச் சலுகை இராது. அடுத்து, சூப் எவ்வளவு இருந்தது, கரண்டி எதுவரை மூழ்கியது? மூழ்கிய பகுதியின் கன அளவைப்போல் 60 மடங்கு சூப் இருந்திருந்தால், பாலின் சுவை அதில் கரைந்து ஒன்றுமில்லாமல் போனதாகச் சட்டம் கருதும். பத்துப் பேருக்கு வைத்த பெரிய பானையா, பாட்டிக்கும் உங்களுக்குமான சிறிய சட்டியா என்பதில் முடிவே மாறும். கடைசியாக, அதே கரண்டியும் பானையும் இந்த மூன்று வாரத்தில் எதற்கெல்லாம் பயன்பட்டன என்று கேட்பார்.

உலோகக் கரண்டி என்றால் ஒரு நாள் ஆறவிட்டுக் கொதிநீரில் முக்கி எடுத்து மீட்டுவிடலாம். மண்பாத்திரத்துக்கும் பீங்கானுக்கும் அந்த வழி இல்லை. குடித்த சூப்பைப் பற்றி இனிச் செய்ய ஒன்றுமில்லை. தெரியாமல் உண்டவர் மேல் யாரும் பழி போட மாட்டார்கள். நீங்கள் சொல்லாமல் விட்டால், அந்தக் கரண்டி இழுப்பறைக்குள் கிடந்து ஒவ்வொரு நாளும் பாட்டியின் தட்டுக்கு வந்துபோகும். எண்பது ஆண்டுகளாக அவர் கவனமாகக் காத்துவந்த ஒன்று, அவருக்கே தெரியாமல் அவர் வீட்டில் கலைந்துகிடக்கும். உங்களை உறுத்துவது அதுதான் என்று நினைக்கிறேன். அந்த உறுத்தல் இருப்பதால்தான் உங்களை நம்பி ஒரு வயதானவரை ஒப்படைக்கலாம் என்கிறேன்.

வேலை போகுமா? போகாது என்று நான் எழுதிக்கொடுக்க முடியாது, மகளை எனக்குத் தெரியாது. முகம் சுளிக்கலாம், முதல் பத்து நிமிடம் குரல் உயரலாம். ஆனால் இத்தனை ஆண்டுகளில் நான் பார்த்தது, பாத்திரம் மாறியதற்காக யாரையும் அனுப்பவில்லை. மறைத்தது பின்னால் தெரியவந்த இரண்டு பெண்களைத்தான் அனுப்பினார்கள். “ஹித்பல்பல்தி” என்று தொடங்குங்கள், குழம்பிப்போய்விட்டேன் என்று அர்த்தம். “கஃப் ஹலாவித், மராக் பசாரி” என்று சேர்த்தால் போதும், பால் கரண்டி, இறைச்சி சூப். மீதியை மகளே கேட்டுக்கொள்வார். இனி இப்படி நேர்ந்தால் எதையும் கழுவாதீர்கள், கொட்டாதீர்கள். அடுப்பை அணைத்துவிட்டு, கரண்டியைத் தனியே ஒரு தட்டில் வைத்துவிட்டுக் கூப்பிடுங்கள்.

தமிழ்ப் பெண்களுக்கென்று ஓர் எச்சரிக்கையும் இருக்கிறது. நாம் எதற்கும் முதலில் வெங்காயம் நறுக்குகிறவர்கள். வெங்காயம், பூண்டு போன்ற காரமான பொருள்கள் கத்தியில் இருக்கும் சுவையைச் சூடில்லாமலே இழுத்துக்கொள்ளும் என்பது சட்டம். பால் கத்தியால் நறுக்கிய வெங்காயம் இறைச்சிக் குழம்பில் விழுந்தால் அதுவும் ரப்பிக்குப் போகும் கேள்விதான். வெங்காயத்துக்கென்று பால் பக்கமும் இறைச்சிப் பக்கமும் சேராத ஒரு கத்தி, ஒரு பலகை வாங்கித்தரச் சொல்லுங்கள். இதற்குப் பார்வே என்பார்கள். என் அனுபவத்தில் பாதிக் குழப்பம் இந்த ஒரு கத்தியால் தீரும்.

வெள்ளிக்கிழமைக் குளிர். மகள் ஜாடை பேசவில்லை. வெள்ளி மாலை தொடங்கிச் சனி இரவு வரை நீளும் ஷபாத் என்ற ஓய்வுநாளில் யூதர் தாம் செய்யக்கூடாத வேலையை இன்னொருவரிடம் செய்யச் சொல்வதும் பொதுவாகத் தடை. கட்டளையாக இல்லாமல், இருக்கும் நிலையை மட்டும் சொல்வதற்குச் சில இடங்களில் இடமுண்டு. அந்தப் பழக்கத்தில்தான் “குளிராக இருக்கிறதே” என்று நிற்கிறார். நீங்களாகவே புரிந்து எழுந்து ஹீட்டரைப் போட்டால் அவருக்கு உயிர் வரும். உண்மையில் இந்த விஷயத்தில் அவர் நேராகவே கேட்கலாம். நோயாளிக்காக யூதரல்லாதவரிடம் நேராகச் சொல்லிச் செய்விக்க அனுமதி உண்டு. அதோடு, குளிர் விஷயத்தில் எல்லோருமே நோயாளிகள்தான் என்று சட்ட நூலிலேயே ஓர் அழகான வாசகம் இருக்கிறது. மகள் அளவுக்கு மீறிக் கவனமாக இருக்கிறார் போலும். வியாழக்கிழமையே அவரோடு உட்கார்ந்து, பாட்டிக்காக ஓய்வுநாளில் நீங்கள் சொல்லாமலே செய்ய வேண்டியவை எவை என்று பேசி எழுதிக்கொள்ளுங்கள்: ஹீட்டர், இரவு விளக்கு, மின்கட்டில், சர்க்கரை அளவு பார்க்கும் கருவி. உங்கள் தேவைக்காக உங்கள் அறையிலோ சமையலறையிலோ நீங்கள் விளக்குப் போட்டால், அந்த வெளிச்சத்தை அவர்களும் பயன்படுத்தலாம். மிஷ்னா என்ற பழைய யூதச் சட்டத் தொகுப்பின் காலத்திலிருந்தே உள்ள விதி இது.

ஒயின் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். காய்ச்சாத ஒயினை யூதரல்லாதவர் எடுத்து ஊற்றினால் அதை அவர்கள் குடிக்க மாட்டார்கள், திராட்சைச் சாறும் அப்படியே. ஒரு காலத்தில் ஒயின் பிற தெய்வங்களுக்குப் படைக்கப்பட்டதால் வந்த விதி, பிறகு பழகுதலைத் தடுக்கவும் ஆனது. “மெவுஷால்”, அதாவது காய்ச்சியது, என்று லேபிளில் போட்டிருந்தால் இந்தச் சிக்கல் கிடையாது. அதையே வாங்கச் சொல்லுங்கள். பாட்டிலை ஓரமாக வைத்தபோது ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம் அவர்கள். சொல்லாதது அவர்கள் பிழை.

நீங்கள் கேட்காத இரண்டு விஷயங்கள்.

ஓய்வுநாளில் பாட்டிக்கு நெஞ்சுவலி, மூச்சுத்திணறல், முகம் கோணுதல், மயக்கம் எது வந்தாலும் உடனே ஆம்புலன்ஸுக்கு 101. “ஷபாத், வேண்டாம்” என்று பாட்டியே உங்கள் கையைப் பிடித்தாலும் நிறுத்தாதீர்கள். உயிர் ஆபத்து என்றால் ஓய்வுநாள் விதிகள் விலகி நிற்கும். லேவியராகமம் 18:5இல் பிழைப்பதற்கென்று கட்டளைகள் தரப்பட்டதாக வருவதை, அவற்றால் வாழத்தான், சாக அல்ல என்று தால்முத் என்ற பழைய யூதச் சட்ட விளக்க நூல் சொல்கிறது. அத்தகைய நேரத்தில் யூதர்களே, அதுவும் பெரியவர்களே முன்னின்று செய்ய வேண்டும், யூதரல்லாதவரைத் தேடிக்கொண்டிருக்கக் கூடாது என்பதும் சட்டம். இதையும் அந்த வியாழக்கிழமைப் பேச்சிலேயே மகளின் வாயால் பாட்டி காதில் விழும்படி சொல்லவையுங்கள்.

மற்றது பெசாக், அதாவது பஸ்கா பண்டிகை. அந்த ஏழு நாளும் கோதுமை, பார்லி, ஓட்ஸ், ரை போன்ற ஐந்து தானியங்களில் புளித்த எதுவும் அவர்கள் வீட்டில் இருக்கலாகாது. பினே பிராக் வீட்டில் அரிசியையும் பருப்பையும்கூட ஒளித்துவைத்திருப்பார்கள். ஈராக்கியர் அரிசி உண்பார்கள். ஆனால் மூன்று முறை பொறுக்கிய பிறகே. வெள்ளைத் துணியில் பரப்பி, ஒவ்வொரு மணியாக நகர்த்தி, கோதுமை மணி ஒன்றாவது கலந்திருக்கிறதா என்று பார்ப்பார்கள். உங்கள் அம்மா முறத்தில் கல் பொறுக்குவதைப் பார்த்தவர் நீங்கள், பாட்டியின் மங்கிய கண்ணுக்கு உங்கள் கண் உதவும். உங்கள் பெட்டியையும் அதற்கு முன் ஒருமுறை பாருங்கள். ஹார்லிக்ஸில் மால்ட்டும் கோதுமையும் உண்டு. ஊரிலிருந்து வந்த பெருங்காய டப்பாவைத் திருப்பி லேபிளைப் படியுங்கள், பெரும்பாலானவற்றில் கோதுமை மாவு கலந்திருக்கும். யாருக்கும் தோன்றாத இடம் அதுதான். அவற்றை எங்கே வைப்பது என்று மகளிடம் கேளுங்கள்.

கரண்டியை இப்போதே இழுப்பறையிலிருந்து எடுத்து ஒரு தாளில் சுற்றி மேசைமேல் வையுங்கள். மகள் மாலையில் வருவார் அல்லவா, கோட்டைக் கழற்றி உட்காரட்டும், அதன் பிறகு பேசுங்கள்.